ஊசிக்கு முதல்ல செலவு பண்ணுங்க, பெட்டிக்கு அப்புறம்

சித்தி பொண்ணு போன மாசம் போன் பண்ணினா. "அக்கா, ரிக்கார்டு பிளேயர் வாங்கிட்டேன். பெரியப்பா குடுத்த ரிக்கார்டைப் போட்டா, பாட்டு தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி வருது. பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு வாங்கிடட்டுமா?"ன்னு கேட்டா.

"ஒண்ணும் வாங்காத அம்மிணி. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்"னு சொல்லி வெச்சேன். போகும்போது பையில கொண்டுபோனது நாலே சாமான்: கொத்தனார் வெச்சிருக்கிற ரசமட்டம் ஒண்ணு, நகை நிறுக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு, நல்ல மைக்ரோஃபைபர் துணி, ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர். சாயங்காலம் நான் கிளம்புறப்ப அவ வீட்ல பாட்டு வேற மாதிரி கேட்டுச்சு. அன்னிக்கு என்ன செஞ்சோமோ அதைத்தான் இங்க எழுதுறேன். பழைய பிளேயரைத் தூசி தட்டி எடுத்தவங்க, புதுசா வாங்கினவங்க எல்லாருக்கும் இது உதவும்.

எனக்கு இதெல்லாம் எங்கப்பா கத்துக்குடுத்தது. அவர் ரேடியோ செட்டு வெச்சிருந்தவர். மாரியம்மன் நோம்பி சாட்டினா வேப்ப மரத்துல குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, காலையில சாமி பாட்டு, மத்தியானம் சினிமாப் பாட்டு, ராத்திரி 'திருவிளையாடல்' வசன ரிக்கார்டுன்னு ஊரே கேக்கப் போடுவார். ஒவ்வொரு ரிக்கார்டையும் துடைச்சுக் குடுக்கிற வேலை எனக்கு. "ஊசியும் தட்டும் சுத்தமா இருந்தா மத்ததெல்லாம் தானா வரும்"னு அவர் சொல்றது இன்னிக்கும் காதுல இருக்குது.

காசே ஆகாத முதல் வேலை

சித்தி பொண்ணு வீட்ல நான் முதல்ல பார்த்தது பிளேயரோட பின்பக்கம். இப்ப வர்ற பிளேயர் பலதுல பின்னாடி சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'ஃபோனோ', இன்னொரு பக்கம் 'லைன்'. அவளோடது ஃபோனோவுல இருந்துச்சு. ஒயர் போனது ஆம்ப்ளிஃபயரோட 'ஆக்ஸ்' ஓட்டைக்கு. லைனுக்கு மாத்தினேன். தகர டப்பா சத்தம் அந்த நிமிஷமே போச்சு.

இதுக்குக் காரணம் தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் யாரும் உங்களை ஏமாத்த முடியாது. ரிக்கார்டு வெட்டும்போது அடித்தொனியை வேணும்னே குறைச்சு, மேல் சுருதிச் சத்தத்தைக் கூட்டித்தான் வெட்டுவாங்க. அடித்தொனியை அப்படியே வெட்டினா கோடு ரொம்ப அகலமா வளைஞ்சு, ஒரு பக்கத்துல நாலு பாட்டுக் கூடக் கொள்ளாது. மேல் சத்தத்தைக் கூட்டி வெட்டினா, திரும்ப ஓட்டும்போது அதைக் குறைக்கலாம். அதோட சேந்து இரைச்சலும் குறையும். எவ்வளவு குறைக்கணும், எவ்வளவு கூட்டணும்னு 1954-ல அமெரிக்காவோட ஆர்.ஐ.ஏ.ஏ. சங்கம் ஒரு கணக்கு வகுத்துச்சு. அப்புறம் வந்த எல்.பி. எல்லாம் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். அதைத் திருப்பிப் போட்டு நேராக்குற சின்ன சர்க்யூட்டுக்குப் பேர் ஃபோனோ பிரீஆம்ப். ஊசி மாட்டியிருக்கிற காந்த கார்ட்ரிட்ஜுல இருந்து வர்ற மின்சாரம் சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருசாக்குறதும் இதே பிரீஆம்ப்தான்.

பிரீஆம்ப் ஒரே ஒரு தடவைதான் இருக்கணும். பிளேயருக்குள்ள இருந்தா லைன்ல வெச்சு ஆக்ஸுக்குக் குடுங்க. ஆம்ப்ளிஃபயர்லயே 'ஃபோனோ' ஓட்டை இருந்தா, பிளேயரை ஃபோனோவுல வெச்சு அங்க குடுங்க. ரெண்டும் இல்லேன்னா பாட்டு மெலிஞ்சு கீச்சுன்னு வரும். ரெண்டும் சேந்தா கரகரன்னு உடைஞ்சு வரும். எங்கயும் பிரீஆம்ப் இல்லாதவங்க தனியா ஒரு சின்னப் பெட்டி வாங்கிக்கலாம். விலை குறைஞ்சதே போதும். ப்ளூடூத்துல கேக்குறவங்க ஒரு தடவை ஒயர் போட்டுக் கேட்டுப் பாருங்க, அதுக்கப்புறம் உங்க இஷ்டம்.

ஊசி

பணம்னு எடுத்தா முதல் ரூபாய் ஊசிக்குத்தான் போகணும். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், மினுமினுக்கிற பெட்டி எல்லாம் அதுக்கு அப்புறம். நான் இதுல ரொம்பப் பிடிவாதக்காரி. ஸ்பீக்கர் மோசமா இருந்தா பாட்டு மோசமாக் கேக்கும், அவ்வளவுதான். ஊசி மோசமா இருந்தா ரிக்கார்டே போயிரும். ஊசி எந்தக் கடையிலயும் திரும்பக் கிடைக்கும். உங்கப்பா கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கிற அந்த ரிக்கார்டு கிடைக்காது.

எல்.பி.யோட ஒரு பக்கத்துல இருக்கிற கோட்டை நூல் மாதிரி உருவி எடுத்து நீட்டினா கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் வரும். அந்தத் தூரம் பூராவும் கூழாங்கல்லு மாதிரி ஒரு வைரத் துணுக்கு உராய்ஞ்சுக்கிட்டே ஓடுது. அது படுற இடம் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. அதனால ரெண்டு கிராம் எடைதான் வெச்சாலும், சதுர அங்குலக் கணக்குல பார்த்தா டன் கணக்குல அழுத்தம். வைரமே தேயும். ஆடியோ டெக்னிகா கம்பெனி அவங்களோட கூம்பு வடிவ ஊசிக்கு 500 மணி நேரமும், நீள்வட்ட ஊசிக்கு 300 மணி நேரமும் ஆயுசு சொல்றாங்க. தினம் ஒரு மணி நேரம் கேட்டா கூம்பு ஊசி ஒண்ணேகால் வருஷத்துக்கு மேல வரும், நீள்வட்ட ஊசி பத்து மாசம். பிளேயர் வாங்கின தேதியை ஒரு ஸ்டிக்கர்ல எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்க. பழைய பிளேயர் வாங்கினா ஊசி எத்தனை ஓடுச்சுன்னு விக்கிறவருக்கே தெரியாது, புது ஊசி போட்டுத்தான் முதல் ரிக்கார்டை வைக்கணும்.

அடுத்தது எடை. பாட்டு தாவுச்சுன்னா ஊசியைத் தாங்குற கையோட தலைமேல ஒரு ரூபாய்க் காசை ஒட்டுற பழக்கம் நம்ம ஊர்ல இன்னும் இருக்குது. தயவுசெஞ்சு வேண்டாம். 2011-ல வந்த ஒரு ரூபாய்க் காசோட எடை 3.79 கிராம். ஆடியோ டெக்னிகா வி.எம்.95இ ஊசிக்கு வேணுங்கிறது 2 கிராம், ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். காசை வெச்சா மூணு மடங்கு பாரம் ஆயிரும். தாவுறதுக்குக் காரணம் தூசியா, தரை சாய்மானமா, பிளேயரோட கை நகர்றதுல இறுக்கமான்னு பாருங்க.

எதிர்ப்பாரம், அதான் கையோட பின்னாடி திருகுற கனமான உருளை, இருக்கிற பிளேயர்னா எடையை நாமளே வைக்கலாம். ஊசி மூடியைக் கழட்டுங்க. உருளையைத் திருகித் திருகி, கை தராசு முள்ளு மாதிரி மேலயும் போகாம கீழயும் வராம அந்தரத்துல நிக்கிற இடத்தைப் பிடிங்க. அங்க எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க. அப்புறம் உருளையும் வளையமும் சேந்தாப்பல, ஊசிக்கு வேணுங்கிற கிராம் வர்ற வரைக்கும் திருகுங்க. அதுக்கப்புறம் தராசுல ஒரு தடவை சரிபாருங்க. தராசு ரிக்கார்டு இருக்கிற உயரத்துலயே இருக்கணும், இல்லேன்னா கணக்கு மாறும். தராசுத் தட்டு இரும்பா இருந்தா கார்ட்ரிட்ஜ்ல இருக்கிற காந்தம் இழுத்து எடையைத் தப்பாக் காட்டும். ஒரு பிளாஸ்டிக் துண்டை மேல வெச்சு, தராசைப் பூஜ்யமாக்கி அப்புறம் நிறுங்க. பக்கத்துல 'ஆன்டி ஸ்கேட்'னு ஒரு குமிழ் இருந்தா அதையும் அதே எண்ணுல வையுங்க.

ரொம்பக் குறைவா வைக்கிறதும் தப்பு. லேசா வெச்சா ரிக்கார்டு பொழைக்கும்னு நினைக்கிறாங்க. ஆனா ஊசி கோட்டுக்குள்ள சரியா உக்காராம துள்ளித் துள்ளிச் சுவரை இடிக்கும். கம்பெனிக்காரன் சொன்ன எடையிலயே வையுங்க.

பாட்டு முதல்ல நல்லா இருந்து, பக்கத்தோட கடைசிப் பாட்டுல மட்டும் 'ச', 'ஸ' எல்லாம் கீறலா வருதா? வெளி வளையத்துல கோடு ஊசிக்குக் கீழ விநாடிக்கு 50 சென்டிமீட்டர் போல ஓடுது. உள்ள வர வர வட்டம் சின்னதாகி, கடைசிப் பாட்டுல அது பாதிக்கும் கீழ போயிருது. அதே பாட்டு குறுகின இடத்துல நெருக்கி எழுதியிருக்குது, அதனால கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் கோணலா இருந்தாலும் அங்கதான் காட்டிக் குடுக்கும். இணையத்துல புரோட்ராக்டர்னு ஒரு அட்டைப் படம் இலவசமாவே கிடைக்கும். ஜெராக்ஸ் கடையில அளவு மாறாம 100 சதவீதத்துல பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வெச்சு அளந்து பார்த்து, அப்புறம் கார்ட்ரிட்ஜை அதுல காட்டின கோட்டுக்கு நேரா வையுங்க. எம்.எஸ். அம்மாவோட 1963 சுப்ரபாத ரிக்கார்டு இதைச் சோதிக்க அருமையானது. 'ஸ' எழுத்து நிறைய வருது. அது கீறாம வந்தா உங்க ஊசி நேரா இருக்குதுன்னு அர்த்தம்.

பஞ்சு

இது நம்ம ஊருக்குன்னே எழுதுறது. கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் விசைத்தறி இல்லாத சந்து ஏது? சித்தி பொண்ணு வீட்டுக்குப் பின்னாடியே தறிக்குடோன். ஜன்னல் கம்பியில, மின்விசிறி இறக்கையில, கொசு வலையில எல்லாம் வெள்ளைப் பஞ்சு படிஞ்சிருக்கும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்க ஆரம்பிச்சா சொல்லவே வேண்டாம். அந்தப் பஞ்சு ரிக்கார்டுல உக்காந்தா ஊசி அதை உழுது வாரிக்கிட்டே போகும். ரெண்டு பாட்டுக்குள்ள ஊசி முனையில ஒரு சின்ன பஞ்சுருண்டை சேரும். பாட்டு மங்கும், அப்புறம் தாவும். ஊசி தேஞ்சுருச்சுன்னு நினைச்சு அவ வேற வாங்கக் கிளம்பிட்டா. நான் லென்ஸ் வெச்சுக் காட்டினப்பத்தான் அவளுக்கே தெரிஞ்சுச்சு.

பிளேயரோட கண்ணாடி மூடியைக் கழட்டி வைக்காதீங்க. கேக்காதப்ப மூடியே இருக்கணும். மூடி இல்லாத பழைய பிளேயர்னா பாலிதீன் ஷீட்டுல மூடுங்க. துணியில மூடினா அதுவே பஞ்சு உதிர்க்கும். புதுப் பிளேயர் கூட வர்ற கம்பளி மேட்டு நம்ம ஊருக்கு ஆகாது. பஞ்சை இழுத்து வெச்சுக்கும், வெயில் காலத்துல நிலைமின்சாரம் ஏறி ரிக்கார்டோட ஒட்டிக்கிட்டே மேல வரும். ரப்பர் மேட்டு வாங்கிப் போடுங்க, ஈரத்துணியில துடைச்சா சுத்தம்.

ஒவ்வொரு தடவையும் ரிக்கார்டு சுத்த ஆரம்பிச்சதும் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷை லேசா அது மேல பிடிச்சு ரெண்டு மூணு சுத்து விட்டு, பஞ்சை வெளிப்பக்கமா இழுத்து எடுங்க. ஊசியையும் துடைக்கணும். எப்பவும் பின்னாடி இருந்து முன்னாடி, அதாவது ரிக்கார்டு ஓடுற திசையில மட்டும். பக்கவாட்டுல இழுத்தா ஊசியைத் தாங்குற அந்தக் கம்பி ஒடிஞ்சுரும். விரலால தொடவே கூடாது, வாயால ஊதவும் வேண்டாம். எச்சில் தெறிச்சா பஞ்சு பிசினாகி ஒட்டிக்கும்.

வருஷக்கணக்கா அட்டைக்குள்ள கிடந்த ரிக்கார்டுக்கு இது பத்தாது, குளிப்பாட்டணும். போர் தண்ணியில கழுவாதீங்க. நம்ம பக்கத்து உப்புத் தண்ணி காய்ஞ்சா கோட்டுக்குள்ள வெள்ளையாப் படிஞ்சு, பழைய அழுக்கே பரவால்லைன்னு ஆயிரும். பேட்டரிக் கடையில கேன்ல விக்கிற டிஸ்டில்டு வாட்டர்தான் வேணும். அதுல ஒரு லிட்டருக்குப் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ரெண்டே சொட்டு. நடுவுல இருக்கிற லேபிள்ல தண்ணி படாம, கோடு போற வட்டத்துலயே மென்மையான பிரஷ்ஷால தடவிக்கிட்டே சுத்துங்க. அப்புறம் சுத்தமான டிஸ்டில்டு வாட்டர்ல ரெண்டு தடவை அலசணும். லிக்விட் மிச்சம் இருந்தா அதுவும் ஊசியில ஏறும். நிழல்ல நிமித்தி வெச்சுக் காய விடுங்க. மழைக்காலத்துல புடிச்ச பூஞ்சைப் புள்ளி, எண்ணெய்க் கை பட்ட தடம் எல்லாம் இதுலயே பெரும்பாலும் போயிரும். போகலேன்னா நாலு பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் சேக்கலாம்.

ஆனா 78 ரிக்கார்டுல ஆல்கஹால் ஒரு சொட்டுக் கூடப் படக் கூடாது. அது அரக்குல செஞ்சது; ஆல்கஹால்ல அரக்கு கரைஞ்சுரும். நம்ம கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோ 1954-ல எடுத்த 'மலைக்கள்ளன்', எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை. அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் 78-லதான் வீட்டுக்கு வந்துச்சு. தாத்தா பெட்டியில கனமா, கீழ விழுந்தா ஓடு மாதிரி உடையிற தட்டு இருந்தா அது அதுதான். எல்.பி. ஊசியில அதை ஓட்டாதீங்க. அதோட கோடு கிட்டத்தட்ட மூணு மடங்கு அகலம், ஊசி அடியில கிடந்து உருளும். வி.எம்.95 கார்ட்ரிட்ஜ் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வசதி: அதே உடம்புல 78-க்குன்னு வர்ற எஸ்.பி. ஊசியை மட்டும் மாத்திச் சொருகலாம்.

அதிர்வு

பிளேயரை நிறுத்தி வெச்சு, சுத்தாத ரிக்கார்டு மேல ஊசியை மெதுவா இறக்குங்க. சத்தத்தை வழக்கமாக் கேக்குற அளவுக்கு மட்டும் வையுங்க. சித்தி பொண்ணு வீட்ல அப்படி வெச்சப்ப ஸ்பீக்கர்ல என்ன கேட்டுச்சு தெரியுமா? பின்னாடி ஓடுற தறி. நாடா போய் அடிக்கிற அடி, சுவர் வழியா, மர மேசை வழியா, ஊசிக்கு வந்து பாட்டுக்குப் பின்னாடி சதா தும்தும்னு நிக்குது. அவ அதை ரிக்கார்டோட குறைன்னு நினைச்சிருந்தா.

மேசையைத் தறிக்குடோன் சுவர்ல இருந்து எடுத்து எதிர்ச் சுவருக்குக் கொண்டு போனோம். முதல்ல பாதி போச்சு. சமையல்கட்டு வேலை முடிஞ்சு மிச்சம் கிடந்த கடப்பாக் கல்லு ஒண்ணு, ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி, வாசல்ல இருந்துச்சு. நாலு மூலைக்கும் கீழ டென்னிஸ் பந்தைப் பாதியா அறுத்துக் கவுத்து வெச்சு, மேல கல்லு, கல்லு மேல பிளேயர். கனமான கல்லும் மெத்துன்னு இருக்கிற பந்தும் சேந்தா கீழ இருந்து வர்ற அதிர்வு மேல ஏறாது. கல்லை மேசை மேல நேரா வெச்சா அதிர்வை அப்படியே கடத்தும், பந்து அவசியம். திரும்ப ஊசியை வெச்சுக் கேட்டோம். காதை ஸ்பீக்கர்கிட்ட கொண்டு போனாத்தான் தறி கேட்டுச்சு.

அதுக்கப்புறம் ரசமட்டம். சுத்துற தட்டு மேல வெச்சு, ரெண்டு திசையிலயும் குமிழி நடுவுல நிக்கிற வரைக்கும் பந்துக்குக் கீழ அட்டைத் துண்டு வெச்சுச் சரிபண்ணுங்க. தட்டு சாஞ்சிருந்தா ஊசி ஒரு பக்கச் சுவரையே அழுத்தும். வலது ஸ்பீக்கருக்கும் இடதுக்கும் வித்தியாசம் வரும்.

ஸ்பீக்கர் அதே மேசையில இருக்கக் கூடாது. ஸ்பீக்கரோட அதிர்வு ஊசிக்கு ஏறி, ஊசி அதைத் திரும்பப் பாடி, சத்தம் கூட்டினா ஊஊன்னு ஊளையிடும். தனி ஸ்டூல்ல, காது உயரத்துக்கு, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரமே உங்களுக்கும் இருக்கிற மாதிரி முக்கோணமா வையுங்க. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் இருக்கிற ரூம்ல பாட்டு எதிரொலிச்சுக் கலங்கும். நடுவுல ஒரு பவானி ஜமுக்காளத்தை விரிங்க, எதிர்ச் சுவர்ல கனமான திரையைத் தொங்க விடுங்க. ஊரே காடாத் துணி நெய்யுது, மூணு மடிப்பாத் தைச்சுத் தொங்கவிட்டா அருமையான திரை. சுவிட்சை மாத்தினதுக்கு அப்புறம் ரெண்டாவது பெரிய வித்தியாசம் இந்த ஜமுக்காளத்துலதான் தெரிஞ்சுது.

கரண்டு

பாட்டு ஓடாதப்பவும் 'ம்ம்ம்'னு ஒரு முனகல் இருந்தா அது நம்ம மின்சாரத்தோட 50 ஹெர்ட்ஸ். பிளேயர்ல இருந்து சிவப்பு, வெள்ளை ஒயரோட மூணாவதா மெல்லிசா ஒரு ஒயர் வந்தா, அதை ஆம்ப்ளிஃபயர்லயோ பிரீஆம்ப்லயோ 'ஜி.என்.டி.'ன்னு போட்டிருக்கிற ஸ்குரூல மாட்டுங்க. பெரும்பாலும் அங்கயே நின்னுரும். நிக்கலேன்னா பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பிளக் பாயிண்ட்ல இருக்குதான்னு பாருங்க. அடாப்டரை ஊசிப் பக்கத்துல இருந்து தள்ளி வையுங்க. பிளக்கோட எர்த் பின்னை வெட்டினா முனகல் நிக்கும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, உயிருக்கு ஆபத்து. வீட்டு எர்த் குழி காய்ஞ்சு கிடந்தா வெயில் காலத்துல ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க. கரியும் உப்பும் ஈரமா இருந்தாத்தான் அது வேலை செய்யும்.

'ஸ்ஸ்ர்ர்'னு கொரகொரன்னு வந்தா ஃபேன் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்க. ஃபேனை முழு வேகத்துல வெச்சுக் கேளுங்க, இல்ல நிறுத்திப் பாருங்க. கரண்டு போனப்ப இன்வெர்ட்டர்ல கேக்குறவங்களுக்கு: ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்னா இரைச்சல் வரத்தான் செய்யும், சைன் வேவ்ல தொல்லை இல்ல.

வேகம் சரியா இருக்குதான்னு பார்க்கக் காசே வேண்டாம். தட்டோட ஓரத்துல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, போன்ல மூணு நிமிஷம் வெச்சு எண்ணுங்க. 33-ல சரியா 100 சுத்து வரணும். அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க கொண்டு வந்த பழைய பிளேயர்ல ரெண்டு தொல்லை: ஒண்ணு அங்க 120 வோல்ட், இன்னொண்ணு 60 ஹெர்ட்ஸ். வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மர் மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது, ஏ.சி. மோட்டார்னா ஆறுல ஒரு பங்கு மெதுவாச் சுத்தி, சுசீலாம்மா குரல் ஆம்பளைக் குரலுக்கு இறங்கிரும். வாங்குறதுக்கு முன்னாடி பார்த்துக்குங்க.

வேகம் ஏறி இறங்கினா பெல்ட்டை மாத்துங்க, ரப்பர் பேண்டு போடாதீங்க. நடு அச்சுல தையல் மிஷின் ஆயில் ஒரே சொட்டு. எங்கப்பா ஒரு வருஷம் அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார். மார்கழி விடியக்காலையில கோயில்ல திருப்பாவை போட வேண்டியது, எண்ணெய் உறைஞ்சு தட்டே இழுத்துச்சு. அதுக்கப்புறம் அவர் பையில எப்பவும் மிஷின் ஆயில் பாட்டில் இருந்துச்சு.

மோனோ பட்டன்

60-கள்ல வந்த தமிழ் சினிமா ரிக்கார்டு பெரும்பாலும் மோனோ. அதுல பாட்டு பக்கவாட்டு அசைவுல மட்டும்தான் இருக்குது. மேல கீழ அசையிறது எல்லாம் தூசியும் கீறலும். ஆம்ப்ளிஃபயர்ல மோனோ பட்டன் இருந்தா அமுக்குங்க. அந்த மேல கீழ இரைச்சல் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிரும், சடசடப்பு நல்லாக் குறையும். பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்குறப்ப இந்தப் பட்டன் இருக்குதான்னு நான் முதல்ல பார்ப்பேன். இளையராஜாவோட 1986 'ஹவ் டு நேம் இட்' மாதிரி ஸ்டீரியோ ரிக்கார்டு போட்டா பட்டனை விட்டுருங்க.

எங்கப்பா வெச்சிருந்த ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா இன்னும் வீட்ல இருக்குது. அதைப் பார்த்தா எனக்குப் பாசம்தான். ஆனா அதுல நல்ல எல்.பி.யைப் போட மாட்டேன். அந்தக் காலத்து செராமிக் கார்ட்ரிட்ஜும், இப்ப சூட்கேஸ் மாதிரி விலை குறைச்சலா வர்ற பிளேயர்ல இருக்கிற சிவப்பு ஊசியும் பாரமா உக்காரும், ஸ்டீரியோ கோட்டைச் சீக்கிரம் தேய்க்கும். புதுசா வாங்குறவங்க மூணு விஷயம் பாருங்க: ஊசி தனியாக் கழட்டி மாத்த வருதா, காந்த கார்ட்ரிட்ஜா, எதிர்ப்பாரம் இருக்குதா. மூணாவது இல்லேன்னாலும் முதல் ரெண்டு இருந்தே ஆகணும். பழைய பிளேயரோட உள்பக்கத்தைத் திறக்கிற வேலையை மட்டும் மெக்கானிக்கிட்ட விடுங்க, அதுல வீட்டுக் கரண்டு நேரா ஓடுது.

சித்தி பொண்ணுக்கு அன்னிக்கு ஆன செலவு ரப்பர் மேட்டு, கார்பன் பிரஷ், பந்து ரெண்டு, டிஸ்டில்டு வாட்டர். ஆம்ப்ளிஃபயருக்கு எடுத்து வெச்சிருந்த பணத்துல அடுத்த வாரம் ஒரு நீள்வட்ட ஊசி வாங்கினா. மிச்சம் பேங்க்லயே இருக்குது.

கடைசியா ஒண்ணு கேக்குறேன். உங்க வீட்டு அட்டாலியில ரிக்கார்டு ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கிடக்குதான்னு ஏறிப் பாருங்க. மேல மொட்டை மாடி வெயில், கீழ அடுப்புச் சூடு, அதுல எல்.பி. அப்பளம் மாதிரி வளைஞ்சுரும். வளைஞ்சதை வீட்ல நிமித்துறது கஷ்டம். சித்திரை வெயில் வர்றதுக்கு முன்னாடி இறக்கி, உள்ள புது பாலிதீன் உறை போட்டு, புஸ்தகம் மாதிரி நேரா நிமித்தி, உள் ரூம்ல வெச்சுருங்க. பிளேயர் இல்லாதவங்களும் இதை மட்டும் செஞ்சுருங்க கண்ணுகளா.